இந்த நேரத்தில் மகளை விமானிப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: 19 ஜூலை 2020

மூன்று நாட்களுக்கு முன் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் என் மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கணிதமும் இயற்பியலும் படித்தவள். பயணிகள் விமானம் ஓட்ட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருகிறாள். நான் நெய்வேலியில் பணிபுரிகிறேன், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன், வீடு கடலூரில் இருக்கிறது. பண்ருட்டி அருகே அப்பா வைத்துவிட்டுப் போன முந்திரித் தோப்பு ஒன்று உண்டு. தானே புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு புதிதாக நட்டு, இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கிறது. அதை அடமானம் வைத்து, என் பணிக்கொடையையும் சேமநல நிதியையும் சேர்த்தால் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். கொரோனாவால் விமானங்களே சரியாக ஓடாத இந்த நேரத்தில் இது தேவையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இரண்டாண்டில் எல்லாம் சரியாகிவிடும், இப்போது சேர்பவர்களுக்கே அப்போது வேலை கிடைக்கும் என்று பயிற்சி நிலையத்தார் சொல்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்ல வேண்டும்.

21 ஜூலை 2020

ஐயா, நான் இத்துறையில் இருப்பவன், கடலூர்க்காரன். 2009இல் வணிக விமானி உரிமம் பெற்று, நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஏடிஆர் என்ற சிறிய சுழல்விசிறிப் பயணிகள் விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்தேன். இப்போது சம்பளமில்லா விடுப்பில் மஞ்சக்குப்பத்து வீட்டில் இருக்கிறேன். இண்டிகோ தன் பணியாளர்களில் 10 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக நேற்று அறிவித்திருக்கிறது. மார்ச் 25 அன்று நின்ற உள்நாட்டு விமானங்கள் மே 25 முதல் மூன்றில் ஒரு பங்குதான் பறந்தன. இப்போதும் 45 விழுக்காட்டுக்கு மேல் அனுமதி இல்லை. இந்த நிலையில் உற்சாகமான பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியவில்லை.

உங்கள் உறவினர்களும் பயிற்சி நிலையத்தாரும் சந்தை எப்போது மீளும் என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். மீளும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது வேறு. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையில்லாமல், உங்கள் மகள் எத்தனை ஆண்டு இருந்தால் உங்கள் குடும்பம் அதைத் தாங்கும்? இதற்கு நேர்மையான ஒரு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானே வந்துவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். 2003இல் ஏர் டெக்கான் தொடங்கி, 2005லும் 2006லும் ஸ்பைஸ்ஜெட், கிங்ஃபிஷர், கோ ஏர், இண்டிகோ என்று வரிசையாக நிறுவனங்கள் வந்த காலம் அது. விமானிகளுக்குப் பஞ்சம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, கடை இருந்த கட்டடத்தையே வங்கியில் அடமானம் வைத்து என்னை அனுப்பினார். நான் பயிற்சியில் இருந்தபோதே, 2008 ஜூலையில், கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறியது. அதைத் தொடர்ந்து உலகப் பொருளாதாரமும் விழுந்தது. நான் உரிமத்தோடு வந்தபோது ஆள் எடுப்போர் இல்லை. சென்னை விமான நிலையத்தில், விமானத்தின் எடைப் பகிர்வைக் கணக்கிட்டு லோட் ஷீட் தயாரிக்கும் தரைப்பணிக்குப் போனேன். அந்தச் சம்பளம் வட்டிக்குக்கூடப் போதவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டிய பணம் வங்கிக்குப் போயிற்று. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எண்ணெய் டின்கள் அடுக்கும் இடம் பாதி காலியாகவே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சந்தை சற்றே அசைந்தபோது, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் நூற்றுக்கணக்கில் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரம் மட்டுமே பறந்த என்னைப் போன்றவர்கள் நிற்க வேண்டியிருந்தது.

தோப்பைத் தொடாதீர்கள் என்பதுதான் என் முதல் கருத்து. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

22 ஜூலை 2020

முந்தைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. முதல் வகுப்புச் சான்று இல்லாமல் வணிக விமானி ஆக முடியாது. இந்தப் பக்கத்திலிருந்து பலர் அதற்குப் பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்துக்குத்தான் போவார்கள். கண்ணாடி அணிவது தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் அது பெருந்தடை. பாதிக் கட்டணத்தைக் கட்டிய பிறகு பரிசோதனைக்குப் போய், தகுதியில்லை என்று திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அவர் பட்ட பாடு பெரிது. இதற்கு ஆகும் செலவு பயிற்சிச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

2 ஆகஸ்ட் 2020

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பயிற்சி நிலையங்கள் கொடுக்கும் விவரச் சீட்டில் வராத செலவுகளே குடும்பங்களை முடக்குகின்றன.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். செஸ்னா போன்ற சிறு விமானங்களில் இதை முடிக்க இந்தியாவில் சுமார் 40 லட்சம் முதல் 60 லட்சம் வரை ஆகிறது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். தோப்பு பேச்சில் வருவது அதனால்தான். 50 லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு வட்டி மட்டும் ஐந்தரை லட்சம். பயிற்சிக் காலத்தையும் காத்திருப்பையும் சேர்த்து மூன்றாண்டு எதுவும் கட்டாமல் விட்டால், தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் கடன் 66 லட்சத்தைத் தாண்டிவிடும். வட்டி சேராத 50 லட்சத்தையே 15 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 57 ஆயிரம் ரூபாய். முந்திரியில் ஒரு நல்ல ஆண்டுக்கு என்ன மிஞ்சும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

உரிமம் வந்தவுடன் செலவு நின்றுவிடாது. வேலை கிடைக்கும்வரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கு ஆண்டுதோறும் சோதனைப் பறப்பு உண்டு. உரிமத்தைப் புதுப்பிக்கச் சமீப மாதங்களில் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளையும் வாடகை கொடுத்துத்தான் பறக்க வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்தின் மணி வாடகை இன்னும் கூடுதல். என் காத்திருப்பின் மிகக் கசப்பான பகுதி இதுவே. வேலை இல்லாததைவிட, வேலை இல்லாத நிலையிலும் செலவு செய்துகொண்டே இருந்தது என்னை அதிகமாக வாட்டியது.

இவற்றுக்கு மேல் டைப் ரேட்டிங் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் என ஒவ்வொரு வகை விமானத்துக்கும் சிமுலேட்டரில் தனிப் பயிற்சி பெற்று, அதை உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் பல லட்சங்கள் ஆகும். அதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை.

3 ஆகஸ்ட் 2020

கீழே ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார்: எல்லோரும் பின்வாங்கும் நேரத்தில் சேர்ந்தால், சந்தை எழும்போது போட்டி குறைவாக இருக்குமே, அது நல்ல கணக்கில்லையா? நல்ல கணக்குதான். நானே இதை ஒத்துக்கொள்கிறேன்; என் காலத்தில் எல்லோரும் பாய்ந்த நேரத்தில் நானும் பாய்ந்ததுதான் நடந்தது. ஆனால் பயிற்சி எவ்வளவு காலம் ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழைக்காலம், பழுதாகி நிற்கும் விமானம், பயிற்றுநர் வேலை மாறிப் போவது என ஒவ்வொன்றும் மாதங்களை விழுங்கும். பதினெட்டு மாதம் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் இடங்களில் மூன்றாண்டு இருந்தவர்கள் உண்டு. எந்த மாதத்தில் வெளியே வருவோம் என்று தெரியாதபோது, அந்த மாதத்தின் சந்தையை நம்பிச் சொத்தை வைக்க முடியாது. கடன் சிறிதாக இருந்தால் இவருடைய கணக்கு பலிக்க இடமுண்டு. கடன் பெரிதாக இருந்தால் அதே கணக்கு சூதாட்டமாகிவிடும்.

9 ஆகஸ்ட் 2020

பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று உங்கள் மைத்துனர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இந்திய விமானிகளில் சுமார் 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். நான் கற்றுக்கொண்ட நல்ல கேப்டன்களில் ஒருவர் பெண். சம்பள விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இரவுப் பணியும் வெளியூர்த் தங்கலும் இருவருக்கும் உண்டு. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

16 ஆகஸ்ட் 2020

மகளோடு பேசினேன் என்றும், அவள் வருத்தப்பட்டாலும் கேட்டுக்கொண்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் இதையும் சொல்லுங்கள். கடலூரிலேயே பி.எஸ்சி. இயற்பியலில் சேரட்டும். மூன்றாண்டுகள் வீணாகாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, நடத்தும் எழுத்துத் தேர்வுகளுக்குக் கல்லூரியில் படித்துக்கொண்டே தயாராகலாம்: வழிச்செலுத்தல், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. வானிலையியலையும் வழிச்செலுத்தலையும் இயற்பியல் படிக்கும் பிள்ளை ஆர்வத்தோடு படிப்பாள். தேர்ச்சிக்குக் காலவரம்பு உண்டு என்பதால் இரண்டாமாண்டின் இறுதியில் எழுதத் தொடங்குவது நல்லது. பறக்கும் பயிற்சியில் சேர்ந்த பிறகு பாடத்தேர்வில் தவறித் தவறி எழுதுபவர்கள்தாம் விடுதிச் செலவிலும் காலத்திலும் அதிகம் இழக்கிறார்கள்.

பட்டம் இன்னொன்றுக்கும் உதவும். காத்திருக்கும் ஆண்டுகளில் மதிப்போடு ஒரு வேலையில் இருக்க அது வேண்டும். என்னிடம் அப்போது பட்டம் இல்லை.

30 மார்ச் 2021

மூன்று நாட்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்து விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் ஓராண்டுக்குப் பிறகு சேவை வந்திருக்கிறது. நானும் பணிக்குத் திரும்பிவிட்டேன், ஆனால் பறக்கும் மணிகள் குறைவு. எங்கள் ஊதியத்தின் பெரும்பகுதி பறக்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், வேலை இருக்கிறது என்று சொல்வதும் வருமானம் இருக்கிறது என்று சொல்வதும் இப்போது வெவ்வேறு.

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானத்துக்கு அது போதும்; ஏ320 போன்ற ஜெட் விமானம் முழுச் சுமையோடு அங்கிருந்து கிளம்ப முடியாது. நீட்டிக்க வேண்டுமானால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலமும் தேவைப்படுகிறது. ஏடிஆர் ஓட்டுவது இரண்டாம் தரம் என்று பயிற்சி மாணவர்கள் பலர் நினைப்பதால் இதைச் சொல்கிறேன். குறுகிய ஓடுபாதை, ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவது, மழை மேகங்களின் உயரத்திலேயே பறப்பது ஆகியவை ஒரு விமானியை விரைவில் முதிர்ச்சியடையச் செய்கின்றன. முதல் வேலையாக ஏடிஆர் கிடைத்தால் உங்கள் மகள் தயங்கவே கூடாது.

7 ஜூன் 2021

இரண்டாம் அலை வந்து மீண்டும் சுருங்கிவிட்டது. 80 விழுக்காடாக இருந்த அனுமதி இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. சென்ற ஜூலையில் சேர்ந்திருந்தால் உங்கள் மகளின் பறக்கும் பயிற்சி இப்போது பாதியில் நின்றிருக்கும், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

21 நவம்பர் 2021

முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைத்துவிட்டது என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். சென்ற மாதம் உள்நாட்டு விமானங்களுக்கான வரம்பு முழுவதும் நீக்கப்பட்டுவிட்டதால், இப்போதே கல்லூரியை விட்டுவிட்டுச் சேரலாமா என்று அவள் கேட்பது இயல்பே. பட்டத்தை முடிக்கட்டும். அறுபத்தைந்து வயதுவரை ஓட்டக்கூடிய வேலை இது. இரண்டாண்டு அதில் எதையும் குறைத்துவிடாது. பணிமூப்பு முக்கியம் என்று நான் வேறிடத்தில் எழுதியதை நீங்கள் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். அது உண்மைதான். முன்னால் சேர்ந்தவர் முன்னால் கேப்டன் ஆவார். ஆனால் சேர்ந்த நிறுவனமே நின்றுபோனால் மூப்பும் அதோடு போய்விடும், அடுத்த நிறுவனத்தில் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது பலருக்கு நேர்ந்தது இது.

5 மே 2023

கோ ஃபர்ஸ்ட் (முன்பு கோ ஏர்) நேற்று முன்தினத்திலிருந்து பறக்கவில்லை. இந்தமுறை தொற்றும் இல்லை, பயணிகள் பஞ்சமும் இல்லை. விமானங்கள் நிரம்பிப் போகும் காலத்திலேயே ஒரு நிறுவனம் விழுந்திருக்கிறது. ஏ320 நியோ விமானங்களுக்கான பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பழுதாகி, மாற்று எஞ்சின்கள் வராமல் பாதி விமானங்கள் தரையில் நின்றதே காரணம் என்று நிறுவனம் சொல்கிறது. சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அங்கே பணிபுரிந்த நண்பர் ஒருவரோடு நேற்றிரவு நெடுநேரம் பேசினேன். ஏ320இல் அவருக்கு நிறைய அனுபவம் இருப்பதால் வேறிடத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. வரவேண்டிய சம்பள நிலுவையைப் பற்றித்தான் கவலை. அவருக்கு அடுத்த இருக்கையில் அமர, சிமுலேட்டர் முடித்துவிட்டு, பயணிகள் விமானத்தில் மூத்த விமானியோடு பறந்து கற்கும் வழித்தடப் பயிற்சிக்காகக் காத்திருந்த இளைஞர்களின் நிலை வேறு. டைப் ரேட்டிங் இருக்கிறது, அந்த விமானத்தில் மணிகள் இல்லை.

உங்கள் மகள் இந்த மாதம் பட்டப்படிப்பை முடிக்கிறாள் என்று நினைவு. இச்செய்தியைப் பார்த்து அவள் கலங்க வேண்டாம்.

18 பிப்ரவரி 2024

சென்ற ஆண்டு டிஜிசிஏ 1622 வணிக விமானி உரிமங்களை வழங்கியிருக்கிறது. 2022இல் அது 1165. இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆணை கொடுத்த செய்தியே இந்த ஓட்டத்துக்குக் காரணம். ஆணை கொடுத்த விமானங்கள் பத்தாண்டுக்கும் மேலாகச் சிறிது சிறிதாகத்தான் வரும். உரிமம் பெற்றவர்கள் இன்றே வேலை தேடுகிறார்கள். 2006இல் நான் பார்த்த அதே உற்சாகம் இப்போது தெரிகிறது, அதனால் கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது.

இருந்தும் உங்கள் மகள் இந்த ஆண்டு பறக்கும் பயிற்சியில் சேர்வதை நான் ஆதரிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னதற்கு இது முரண் என்று சிலர் நினைக்கலாம். அன்று இருந்த குடும்ப நிலை இன்று இல்லை. எழுத்துத் தேர்வுகள் முடிந்துவிட்டன, பட்டம் கையில் இருக்கிறது, வடலூரில் வாங்கிப் போட்டிருந்த காலி மனையை விற்ற பணமும் சேமநல நிதியில் ஒரு பகுதியும் பெரும்பங்கைத் தாங்குகின்றன. தோப்பு தோப்பாகவே இருக்கிறது. வேலை கிடைக்க நான்காண்டு ஆனாலும் யாரும் வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சேருமுன் அவளே நேரில் போய்ப் பார்க்கட்டும். அந்த நிலையத்தில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை மாணவர்கள், பயிற்றுநர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு முடித்துச் சென்றவர்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்கட்டும், அலுவலக அறையில் கேட்க வேண்டாம். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிகளுக்கு ஏற்பக் கட்டம் கட்டமாகக் கட்ட ஒப்புக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். பறக்காத மணியைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அன்றே அங்கிருந்து வெளியேற வேண்டும். பின்னாளில் குறுக்குக் காற்றில் இறங்கும் வேளையில் அந்த மணிகள் அவளுக்குத் தேவைப்படும்.

14 டிசம்பர் 2025

உரிமம் பெற்றுவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வாழ்த்துகள்.

இந்த மாதத் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதைப் பார்த்து, விமானிகளுக்குப் பெரும் பஞ்சம், உடனே டைப் ரேட்டிங் முடித்தால் அடுத்த மாதமே வேலை என்று ஒரு முகவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது இதுதான். டிஜிசிஏவின் புதிய பணிநேர விதிகளின்படி விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை வாரத்துக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நவம்பர் முதல் தேதியிலிருந்து அந்த விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகள் தயாராக இல்லை. களைப்போடு விமானம் ஓட்டிய யாரும் இந்த ஓய்வு எவ்வளவு தேவையானது என்பதை அறிவார்கள். நிறுவனங்கள் இனிக் கூடுதலாக ஆள் எடுக்கத்தான் வேண்டும், அது உங்கள் மகளுக்கு நல்ல செய்தி. ஆனால் உடனடிப் பற்றாக்குறை கேப்டன்களுக்கும் வழித்தடத்தில் பறக்கத் தயாராக உள்ள துணை விமானிகளுக்கும்தான். 200 மணி நேர உரிமத்தோடு வருபவர், தேர்வு, சிமுலேட்டர், வழித்தடப் பயிற்சி எல்லாவற்றையும் கடந்து தனித்துப் பணியில் அமர மாதங்கள் பல ஆகும்.

அதனால் முகவரிடம் பணம் கட்ட வேண்டாம். எந்த நிறுவனம் அழைக்கிறதோ அதன் விமான வகைக்கே டைப் ரேட்டிங் தேவைப்படும். இன்று ஏ320க்குப் பல லட்சம் கட்டிவிட்டு, நாளை ஏடிஆருக்கு அழைப்பு வந்தால் அந்தப் பணம் பயனற்றுப் போகும். அழைப்பு தாமதமானால் சிமுலேட்டர் தகுதி காலாவதியாகி, அதைப் புதுப்பிக்க மீண்டும் செலவாகும். பணி நியமனக் கடிதமோ, நிபந்தனையோடு கூடிய தேர்வுக் கடிதமோ எழுத்தில் வந்த பிறகு கட்டலாம். அதுவரை, இப்போது அவள் பார்க்கும் ஆசிரியப் பணியில் தொடரட்டும், கருவிப் பறப்புத் தகுதியைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வைத்திருக்கட்டும், நிறுவனங்களின் எழுத்துத் தேர்வுக்கு வானிலையியலை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். ஏடிஆருக்கான நேர்முகத் தேர்வு என்றால் என்னை அழைக்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வரும்போது உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.